பூட்டியின் செடிபுட்டாச் சேலையில் பேத்திக்கு ஒரு கவுன்

கடையில் எடுத்த துணி என்றால், வெட்டு பிசகினாலும் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். இந்தச் சேலைக்கு அந்த வழி கிடையாது. என் அம்மா வீரவநல்லூரில் வாங்கி, நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் உடுத்திய செடிபுட்டாச் சேலை இது. உடல் மாம்பழ மஞ்சள், கரை அரக்கு, உடல் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் செடிகள். ஆவணியில் குடும்பத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. அதற்குப் பேத்திக்கு இதில் ஒரு கவுன் தைப்பது என்று முடிவு செய்தபோதே இன்னொன்றையும் முடிவு செய்துகொண்டேன். யோசனை, அளவு மாற்றம், திருத்தம் அத்தனையும் தாளிலேயே முடிந்துவிட வேண்டும். சேலையில் கத்திரி இறங்கும் நேரத்தில் யோசிப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

எங்கள் தெரு டெய்லர் அண்ணாச்சி தாளையே தொடமாட்டார். அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்தால் போதும், துணியை நாலாக மடித்து, சாக் கட்டியால் சரசரவென்று கோடு இழுத்து வெட்டிவிடுவார். அந்தக் கைப்பழக்கத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அளவுச் சட்டையில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதில் கழுத்து தொளதொளவென்று நின்றால் புதியதிலும் அப்படியேதான் நிற்கும். போதாததற்கு, வளரும் பிள்ளையின் அளவுச் சட்டை காட்டுவது போன வருடத்து அளவை. உடுப்பின் ஒவ்வொரு துண்டையும் அளவோடு வரைந்த பேட்டர்ன் தாளில் அப்படி இல்லை. எந்த இடத்தில் கூட்ட வேண்டும், எந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்பதைத் தனித்தனியாகப் பார்க்கலாம். தையல் லோயர் (கீழ்நிலை) தேர்வுக்குப் படித்த நாளில், பிரவுன் தாளில் சிறிய அளவில் சட்டையும் கவுனும் வெட்டி ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருக்கிறேன். தாளில் வரைந்து பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது.

இப்போது வரையக்கூடத் தேவையில்லை, வரைந்ததையே வாங்கிக்கொள்ளலாம். பல அளவுகளில் தாளில் வெட்டிய மாதிரிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1863இல் தொடங்கிய வியாபாரம் அது. மகள் எனக்கு அனுப்பியது ஐரோப்பியப் பேட்டர்ன் ஒன்றின் கோப்பு. கையில்லாத மேல்பகுதி, இடுப்பில் சுருக்கம் வைத்த பாவாடை, முதுகில் பட்டன், உள்ளே முழு லைனிங். எளிமையான வெட்டு. வேலைப்பாடு உள்ள துணிக்கு எளிமையான வெட்டுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். பஃப் கை, காலர், பிரில் என்று ஏற்றிக்கொண்டே போனால் செடிகள் காணாமல் போய்விடும்.

அச்செடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பின் முதல் பக்கத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு சோதனைக் கட்டம் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் முதலில் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுக்கச் சொல்லி, கையோடு கொண்டுபோன ஸ்கேலை வைத்து அளந்தேன். தாளுக்குள் அடங்குகிற மாதிரி அச்சிடும் முறை கணினியில் தேர்வாகி இருந்தால் கட்டம் 4.8 ஆகச் சுருங்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 26 அங்குலச் சுற்றளவில் அது ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். நூறு சதவீத அளவுக்கு மாற்றி, கட்டம் சரியாக 5 வந்த பிறகே மற்றப் பக்கங்களை எடுக்கச் சொன்னேன். பிறகு பக்கங்களை எண் வரிசையில் தரையில் அடுக்கி, ஓரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஒட்ட வேண்டும். இதில் பொறுமையைத் தவிர வேறு வித்தை இல்லை.

இனி அளவு. ஐரோப்பியப் பேட்டர்ன்களில் பிள்ளைகளின் அளவு எண் என்பது அவர்களின் உயரம், சென்டிமீட்டரில். 110, 116, 122 என்று ஆறு ஆறாக ஏறும். பேத்தியின் உயரம் 122. அந்த எண்ணுக்கு அட்டவணையில் இருந்த மார்பளவு ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். பேத்திக்கு 23 அங்குலம், அதாவது 58 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் இப்படித்தான் வரும். வயதையோ உயரத்தையோ பார்த்து எடுத்தால் தோள் இரண்டும் வழுக்கிக்கொண்டு இறங்கும். எனவே மார்பைப் பார்த்து 110 எடுத்தேன். அகலம் எல்லாம் அதிலிருந்து, நீளம் எல்லாம் பிள்ளையின் உடம்பிலிருந்து. மேல்பகுதியை மார்பளவுக்குத்தான் எடுக்க வேண்டும். தோளும் கழுத்தும் பொருந்திவிட்டால் இடுப்பையும் நீளத்தையும் எளிதாக மாற்றிவிடலாம். தோளை மாற்றுவது பெரும் பாடு.

பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை பேத்திக்கு 10¾ அங்குலம். 110 அளவில் இருந்தது 9¾. ஓர் அங்குலம் கூட்ட வேண்டும். அடியில் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டினால் பக்கச் சாய்வு கெட்டு, இடுப்பு தன் இடத்தில் உட்காராது. பேட்டர்னிலேயே அக்குளுக்குக் கீழே இரண்டு இணைகோடுகள் போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டில் தாளைக் குறுக்கே வெட்டி, இரண்டு துண்டையும் ஓர் அங்குலம் விலக்கி, அடியில் வேறு தாள் வைத்து ஒட்டி, பக்கக் கோட்டை மறுபடி நேராக இழுத்துக்கொண்டேன். அக்குள் வளைவும் மாறவில்லை, இடுப்பும் மாறவில்லை. இரண்டுக்கும் நடுவே உடம்பு நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தையலுக்கு விடும் இடம் அடுத்த விஷயம். இந்தப் பேட்டர்னில் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் சேர்த்தே வரைந்திருந்தார்கள். சில பத்திரிகைப் பேட்டர்ன்களில் அதுவும் இருக்காது, நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் 1 சென்டிமீட்டர் நம் பழக்கத்துக்குப் போதாது. உள்ளே துணி விட்டுத் தைத்து, பிள்ளை வளர வளரப் பிரித்துக் கொடுப்பதுதான் நம் வீட்டு வழக்கம். பக்கத் தையலில் மட்டும் ஓர் அங்குலம் விட்டேன். அப்படி விடும்போது அக்குள் முனையில் கவனம் வேண்டும். பக்கக் கோட்டில் தாளை மடித்து, மடித்த நிலையிலேயே அக்குள் வளைவை வெட்டினால், உள்ளே விட்ட துணியும் அந்த வளைவோடு ஒத்துப்போகும். நேராக வெட்டிவிட்டால் பின்னாளில் பிரிக்கும்போது அக்குளில் துணி பற்றாமல் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து, வேண்டியபோது 2½ அங்குலம் வரை சுற்றளவைக் கூட்டலாம்.

இந்தத் தாளை வைத்து முதலில் காடாத் துணியில் மேல்பகுதியை மட்டும் வெட்டி, பெரிய தையலாக ஓட்டினேன். ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையில் இருந்து பேத்தி வந்தபோது போட்டுப் பார்த்தோம். போட்டுப் பார்ப்பது என்றால் நிற்க வைத்துப் பார்ப்பது மட்டும் அல்ல. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்ல வேண்டும், குனிந்து கால் விரலைத் தொடச் சொல்ல வேண்டும், சம்மணம் போட்டு உட்காரச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பிள்ளை பொம்மை மாதிரி நிற்கப் போவதில்லை. தோள் சரியாக உட்கார்ந்தது. இடுப்பு சொன்ன இடத்தில் நின்றது. முன்கழுத்து மட்டும் நெஞ்சில் படியாமல் லேசாக எழும்பி நின்றது. நெஞ்சுக்கூடு சற்று மெலிந்த பிள்ளைகளுக்கு இது வரும். எழும்பிய துணியைக் கழுத்தோரத்தில் விரலால் கிள்ளிப் பார்த்தேன். நடுவுக்கு இருபுறமும் கால் கால் அங்குலம் மிகுதி.

இதைத் தாளுக்குக் கொண்டுபோகிற விதம் எனக்குப் பிடித்தமான வேலை. பாதி முன்பக்கத் தாளில், கழுத்து வளைவின் நடுவிலிருந்து அக்குள் வளைவின் நடுவுக்கு ஒரு கோடு. அக்குள் ஓரத்தில் ஒரு மயிரிழை விட்டுவிட்டு அந்தக் கோட்டில் வெட்டி, கழுத்துப் பக்கத்தில் மட்டும் கால் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்ட வேண்டும். அக்குளின் அளவு அப்படியே இருக்க, கழுத்து மட்டும் சுருங்கும். ஏற்றிய இடத்தில் வளைவு சற்று உடையும், அதைப் பென்சிலால் சீராக்கிக்கொள்ள வேண்டும். லைனிங்குக்கும் இதே தாள்தான். காடாவில் கழுத்தைத் திருத்தி மறுபடி போட்டுப் பார்த்தபோது நெஞ்சோடு படிந்து நின்றது. பேத்தி அதிலேயே வாசலுக்கு ஓடிவிட்டாள். ஓடித் திரும்பி வந்து கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, இதில் பை உண்டா என்று. பேட்டர்னில் பை இல்லை. பிள்ளை கேட்டுவிட்டது, வைத்தாக வேண்டும். பாவாடையை ஒரே துண்டாக எடுக்க நினைத்திருந்ததை மாற்றி, முன் பின் என்று இரண்டு துண்டாக்கி, பக்கத் தையலில் பை வருகிற மாதிரி தாளிலேயே குறித்துக்கொண்டேன்.

இவ்வளவுக்குப் பிறகுதான் சேலையை வெளியே எடுத்தேன்.

வீரவநல்லூர்ச் செடிபுட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்குள்ள சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் கைத்தறியில் நெய்கிற சேலை இது. பருத்தியும் செயற்கைப் பட்டும் கலந்தது. பெயரில் உள்ளதுபோலவே புட்டாக்கள் செடியும் பூவுமாக இருக்கும். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிற எங்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சேலை. அதன் அருமையை நாங்கள் இன்னும் அதிகமாகக் கொண்டாட வேண்டும் என்பது என் ஆதங்கம். அம்மாவின் சேலையைப் புரட்டிப் பார்த்தால் ஒவ்வொரு செடியின் பின்னாலும் அதற்கென்று ஓடிய நூலும் அதன் முனைகளும் தெரிகின்றன. பக்கத்துச் செடிக்கு அந்த நூல் போவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு கை செய்த வேலை. வெட்டுகிறவள் இதை மறக்கக் கூடாது. கத்திரி ஒரு செடியின் குறுக்கே போனால் பூ நூலுக்குப் பிடிமானம் போய், துவைக்கத் துவைக்க உருவிக்கொண்டு வரும்.

முதலில் சேலையின் ஃபால்ஸைப் பிரித்து, தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினேன். சாயம் இறங்குகிறதா என்று பார்க்க, கல் உப்புத் தண்ணீரில் நனைப்பதைவிட எனக்கு நம்பிக்கையான வழி ஒன்று உண்டு. அரக்குக் கரையின்மேல் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துவேன். வெள்ளையில் கறை ஏறாவிட்டால் கவலை இல்லை. ஏறவில்லை. அடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்து, வெளிச்சத்தில் முழுச் சேலையையும் பார்த்தேன். பழைய சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைந்திருக்காது. இடுப்பில் செருகிய ஓரம், கொசுவத்தின் அடியில் குதிகால் உரசிய கரை, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடித்த மடிப்புக் கோடு, இவை மூன்றும் முதலில் தளரும். இரண்டு கட்டை விரலையும் அருகருகே வைத்து மெல்ல இழுத்தால், நல்ல இடம் திமிறி நிற்கும், நைந்த இடத்தில் இழை விலகி வெளிச்சம் தெரியும். தளர்ந்த இடங்களைச் சாக் கட்டியால் வட்டமிட்டேன். முந்திக்கும் கொசுவத்துக்கும் இடையே, முன்னால் சுற்றி மேலே ஏறுகிற பகுதி முழுதும் உறுதியாக இருந்தது. கவுனுக்கு அது தாராளம்.

இங்கேதான் பேட்டர்னோடு எனக்கு ஒரு வழக்கு. ஒவ்வொரு தாளிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அது துணியின் கரைக்கு இணையாக, பாவு ஓடுகிற திசையில் நிற்க வேண்டும் என்பது விதி. நெய்த துணியில் பாவு இழை பெரும்பாலும் அதிகம் இழுபடாது, அதற்குக் குறுக்கே ஓடும் ஊடை இழை கொஞ்சம் இளகிக் கொடுக்கும். உடம்பின் நீளவாக்கில் பாவு ஓடினால் உடுப்பு தொய்யாது. ஆனால் சேலை உடம்பைச் சுற்றி வருவது. உடுத்தும்போது பாவு குறுக்கே ஓடுகிறது, ஊடை மேலிருந்து கீழே தொங்குகிறது. கரை பாவாடையின் அடியில் வர வேண்டும், செடிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால், பேட்டர்னின் அம்பைச் சேலையின் அகலவாட்டில் திருப்பியாக வேண்டும். சேலைத் துணியில் பாவாடை தைக்கிற எல்லோரும் செய்வதுதான் இது. ஆனால் மேல்பகுதியையும் அப்படித் திருப்பும்போது, நெஞ்சைச் சுற்றி வருவது இளகாத இழை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பேட்டர்னில் உடம்புக்கு மேல் 3 அங்குலம் தளர்ச்சி இருந்ததால் துணிந்தேன். உடலோடு ஒட்டுகிற ரவிக்கை வெட்டாக இருந்தால் திருப்பியிருக்க மாட்டேன். லைனிங் மல் துணியை மட்டும் வழக்கப்படி பாவு மேலிருந்து கீழாக வரும்படி வெட்டினேன். மேல் துணி நீளவாக்கில் தொய்யப் பார்த்தாலும் லைனிங் பிடித்துக்கொள்ளும். அம்பை முழுசாகத் திருப்பலாம், பாதி திருப்பக் கூடாது. கொஞ்சம் சாய்ந்தாலும் பாவாடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு தொங்கும்.

செடிகள் விழும் இடத்தைத் தீர்மானிக்க, மேல்பகுதியின் முன்பக்கத்தைப் பாதியாக வைக்காமல் முழுசாக, ஊடுருவித் தெரிகிற டிரேசிங் தாளில் எடுத்துக்கொண்டேன். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் அடியில் எந்தச் செடி எங்கே மாட்டுகிறது என்பது தெரியாது. முழுத் தாளை ஒற்றைத் துணியின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒரு செடி சரியாக நெஞ்சின் நடுவில், கழுத்துக்கு 2 அங்குலம் கீழே நின்றது. அந்த நிலையில் இரண்டு தோளிலும் செடி எதுவும் வெட்டுப்படவில்லை, பக்கத் தையலில் மட்டும் இரண்டு வெட்டுப்படும். முதுகுத் துண்டுகள் இரண்டும் பட்டன் போட்டு மூடும்போது செடிகள் ஒரே உயரத்தில் வர வேண்டும். அதற்காக முன்துண்டின் செடிகளைத் தாளில் பென்சிலால் குறித்து, அதே கோட்டில் பின்துண்டையும் வைத்தேன்.

ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் வீட்டுக் கூடத்தை விட்டுவைப்பதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறபோது டிரேசிங் தாள் எம்மாத்திரம். புளியங்கொட்டை நிரப்பிக் கட்டிய சின்னத் துணி முடிச்சுகளைப் பாரமாக வைத்தேன். குண்டூசி எல்லா இடத்திலும் குத்துவது இந்தத் துணிக்கு நல்லதல்ல, துளை மறையாது. தையலுக்கு விட்ட இடத்துக்குள் மட்டும் குத்தலாம். வெட்டுவதற்குப் பாய் விரிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தமடைப் பாய் உட்காரவும் படுக்கவும் சொர்க்கம்தான், ஆனால் கோரையின் வரியில் சாக் கோடு நெளிந்துவிடும். வெறும் சிமென்டுத் தரைதான் வசதி.

வெட்டும் கோட்டுக்கு உள்ளே ஒட்டி, சின்னத் தையலாக ஒரு சுற்று மிஷின் ஓட்டிய பிறகே கத்திரியை எடுத்தேன். இதனால் பக்கத்தில் வெட்டுப்பட்ட இரண்டு செடிகளின் நூலும் அசையாமல் நின்றுவிட்டது. மிஷினில் புதிய 11ஆம் நம்பர் ஊசி. முனை மழுங்கிய ஊசி பட்டு நூலை இழுத்து ஓட விட்டுவிடும். ஓர் ஊசியின் விலைக்கு அந்த ஆபத்து வேண்டாம். மிஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தால், வேறு துணித் துண்டில் நன்றாக ஓட்டி, எண்ணெய் படிவது நின்ற பிறகே நல்ல துணியை வைக்க வேண்டும்.

மேல்பகுதி தைப்பதில் பார்க்க அழகான ஓர் இடம் உண்டு. மேல் துணியில் தோள்களை மட்டும் இணைத்து, லைனிங்கிலும் அப்படியே இணைத்து, இரண்டையும் நல்ல பக்கம் பார்த்துக்கொள்ளும்படி ஒன்றன்மேல் ஒன்று போட வேண்டும். கழுத்தைச் சுற்றி ஒரு தையல், முதுகின் திறப்பு ஓரங்களில் ஒரு தையல், இரண்டு அக்குள் வளைவிலும் தையல். பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். வளைவுகளில் தையலுக்கு மிக அருகே வரை, ஆனால் தையலைத் தொடாமல், அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. இப்போது கையில் இருப்பது கசங்கிய துணிப் பை மாதிரி இருக்கும். முன்பக்கத்தின் வழியாகத் தோளின் குழாய்க்குள் இரண்டு விரலை விட்டு, முதுகுத் துண்டின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தால், 2 அங்குலத் தோளுக்குள் புகுந்து முதுகு முழுதும் வெளியே வந்துவிடும். மறுதோளிலும் அதே. கழுத்தும் அக்குளும் ஒரு பிசிறுகூட வெளியே தெரியாமல் முடிந்திருக்கும். கழுத்தோரத்துக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் பீஸ் பட்டி வேண்டாம், ஹெம்மிங் வேண்டாம், பிள்ளையின் கழுத்தில் உறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு மேல் துணியின் பக்கத்தையும் லைனிங்கின் பக்கத்தையும் ஒரே ஓட்டமாகத் தைத்துவிட்டால், உள்ளே விட்ட ஓர் அங்குலமும் இரண்டுக்கும் நடுவில் மறைந்துகொள்ளும்.

ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இஸ்திரி. செயற்கைப் பட்டுக்கு அதிகச் சூடு ஆகாது என்பதால் மேலே மெல்லிய துணி போட்டு, மிதமான சூட்டில். கெட்டியான துவாலையின்மேல் செடிகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துத் தேய்த்தால் பூ நசுங்காமல் எழுந்தே நிற்கும்.

பாவாடைக்கு 31 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. தைத்த பிறகு சுற்றளவு 60 அங்குலம், இடுப்பின் 24½ அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சேலைத் துணி மெல்லியதாக இருப்பதால் இவ்வளவு சுருக்கம் தாங்கும். பக்கத் தையலின் ஓரங்களுக்கு ஓவர்லாக் அடிக்க டெய்லர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். நீளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கரையின் ஓரம் தறியிலேயே முடிந்து வருவது, அதை மடித்துத் தைக்கத் தேவையில்லை. ஆனால் மடிப்பு இல்லாவிட்டால் அடுத்த வருடம் இறக்க என்ன செய்வது? பட்டுப் பாவாடைக்கு வைக்கிற மாதிரி, துணியைச் சுற்றிலும் மடித்துத் தைக்கிற டக் வைப்பதாகச் சொன்னேன். அண்ணாச்சி உடனே, “டக்கை மட்டும் பெரிய தையலாகப் போடுங்கள் அம்மா, பிரிக்கும்போது துணி நோகாது” என்றார். பழைய துணியில் நெருக்கமான தையலைப் பிரித்தால் துளை வரிசையாக நின்று, அந்த வழியே கிழியும். நல்ல யோசனை. அப்படியே செய்தேன்.

கணக்கு இது. முடிந்த பாவாடை நீளம் 16 அங்குலம். முக்கால் அங்குல டக் ஒன்று 1½ அங்குலத் துணியை விழுங்கும். இரண்டு டக்குக்கு 3. இடுப்புத் தையலுக்கு அரை. ஆக, கரையின் ஓரத்திலிருந்து 19½ அங்குலத்தில் வெட்டினேன். டக் விழுகிற இடம்தான் முக்கியம். செடி வரிசைகளுக்கு நடுவே 4 அங்குல வெறும் மஞ்சள் இருந்தது. ஒரு டக்கைக் கரைக்கு மேலே, முதல் வரிசைக்குக் கீழே உள்ள வெளியிலும், இன்னொன்றை முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவிலும் வைத்தேன். இரண்டும் செடியைத் தொடவில்லை. வெளியே தெரிகிற மடிப்பாகவே விட்டதால் கரைக்கு மேலே இரண்டு கோடு ஓடியதுபோல் இருக்கிறது. பக்கத் தையல்களை முடித்த பிறகே டக் போட வேண்டும். அப்போதுதான் சுற்று முழுதும் ஒரே மட்டத்தில் வரும்.

பைகள் மல் துணியில். வாய்ப்பக்கத்தில் மட்டும் 2 அங்குலம் சேலைத் துணி வைத்துத் தைத்தேன், கை விடும்போது வெள்ளை தெரியாது. பாவாடையின் பின்பக்க நடுவில் 3 அங்குலம் கீறி, பட்டி வைத்து முடித்தேன். இந்தத் திறப்பு இல்லாவிட்டால் தலை வழியாகப் போடும்போது இடுப்பு தோளில் மாட்டிக்கொள்ளும்.

சுருக்கத்துக்கு நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, மிக நீளமான தையலில் இரண்டு வரிசை, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒன்று, அரை அங்குலத்துக்குச் சற்று உள்ளே இன்னொன்று. பாவாடையின் மேல் ஓரத்தையும் மேல்பகுதியின் இடுப்பையும் நான்கு நான்காகப் பிரித்து அடையாளம் வைத்து, அடையாளங்களை முதலில் பொருத்திவிட்டு, பாபின் நூலை மட்டும் இழுக்க வேண்டும். ஒரு வரிசையில் இழுத்தால் சுருக்கம் உருளும், இரண்டு வரிசை என்றால் மடிப்புகள் நேராக நிற்கும். சுருக்கப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, ஊசியின் நுனியால் மடிப்புகளைச் சீர்செய்துகொண்டே மெதுவாக ஓட்டினேன். லைனிங்கின் அடி ஓரத்தை உள்ளே மடித்து, அந்தத் தையலை மூடிக் கையால் தைத்து முடித்தேன்.

முதுகுக்கு நாலு பட்டன், அரக்கு நிறத்தில், அரை அங்குலம். காஜாவைப் படுக்கைவாட்டில் எடுத்தேன். முதுகில் இழுவை இடம் வலமாக வருவதால், நெட்டுவாட்டில் எடுத்தால் பட்டன் தானாகக் கழன்றுவிடும். காஜா கையால் எடுத்ததுதான். மிஷின் காஜா வேகமானது, ஆனால் இந்தச் சேலையில் ஒவ்வொரு செடியையும் ஒருவர் கையால் எடுத்திருக்கும்போது நாலு காஜாவைக் கையால் எடுப்பதற்கு நான் அலுத்துக்கொள்ளக் கூடாது என்று பட்டது. வெட்டுவதற்கு முன் சுற்றிலும் சின்ன ஓட்டுத் தையல், வெட்டிய பிறகு இரட்டை நூலில் நெருக்கமாக முடிச்சுத் தையல், இரண்டு முனையிலும் குறுக்கே உறுதிக்கு மூன்று நூல்.

போட்டுப் பார்த்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே கரை நின்றது. பேத்தி முதலில் கண்ணாடியைப் பார்க்கவில்லை, இரண்டு பையிலும் கையை விட்டுப் பார்த்தாள். “ஆச்சி, ரெண்டு பக்கமும் இருக்கு!” என்று சொல்லிவிட்டுத் தன் அம்மாவிடம் ஓடினாள். மகள்தான் முதுகைத் திருப்பி, பட்டன் மூடிய இடத்தில் செடிகள் சேர்ந்து நிற்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துவைப்பதற்குச் சில குறிப்புகளை எழுதி மகளிடம் கொடுத்திருக்கிறேன். மிஷினில் போடக் கூடாது. ஊற வைக்காமல் அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்த வேண்டும். திருத்திய தாள்கள் அத்தனையையும் ஓர் உறையில் போட்டு, மேலே பிள்ளையின் அன்றைய அளவுகளையும் தேதியையும் எழுதி வைத்துவிட்டேன். அடுத்த வருடம் உயரம் கூடினால் முதலில் பிரிக்க வேண்டியது மேல் டக்கை. செடிகளுக்கு நடுவே உள்ள வெளி பழையபடி 4 அங்குலம் ஆகிவிடும், கரைக்கு மேலே ஒரு கோடு மட்டும் நிற்கும். மார்பு இறுகினால் லைனிங்கின் இடுப்பில் கைத்தையலைப் பிரித்து, பக்கத் தையலை வெளியே தள்ளிப் போட்டு, பாவாடைச் சுருக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சேலையில் முந்தியும், மேல்கரை ஓடுகிற நீளத் துண்டும் வெட்டாமல் இருக்கின்றன. இளைய பேத்திக்கு இப்போது மூன்று வயது. அவளுக்கான அளவும் அதே கோப்பில் இருக்கிறது.